விழும் கண்ணாடிக்குக் கை கொடுக்காதே

கண்ணாடி வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளில் சொல்லித் தரப்படும் பாடம் அறுப்பதைப் பற்றியது அன்று, விடுவதைப் பற்றியது. கையிலிருந்து நழுவிய கண்ணாடியைப் பிடிக்கப் போகக் கூடாது. விழுந்தால் விழட்டும், உடைந்தால் உடையட்டும். கண்ணாடி போனால் வேறு கண்ணாடி வரும். கை போனால் வேறு கை வராது. ‘விழும் கண்ணாடிக்குக் கை கொடுக்காதே’ என்று அந்தத் தொழிலில் இதை ஒரு பழமொழியாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள். கடைத்தெருவின் வளைவில் கடை வைத்திருந்த கண்ணாடிக்காரர், தம் மனைவியின் தம்பி வேலைக்கு வந்தபோது இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். பிறகு சொல்லிக்கொடுத்தவரே அதை மீறினார். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

கடை அகலம் குறைந்து நீளம் மிகுந்தது. முகப்பில் மனைவியின் இடம்: படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் வேலை. நடுவில் தடித்த கம்பளித் துணி விரித்த அறுப்பு மேசை. பின்புறம் மரத் தாங்கிகளில் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நிற்கும். தெருவில் லாரி போனால் அவை எல்லாம் சேர்ந்து மெல்ல முனகும். மாடியில் இரண்டு அறைகள், அதுவே வீடு. மச்சினன் நல்ல உயரம். ஏணி இல்லாமல் ஜன்னல் அளப்பவன் என்பதால் தெருவே அவனை நெட்டை என்று அழைத்தது. அவனும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தான்.

பெரிய தகடுகளை இருவராகத் தூக்க வேண்டும். ஒருவர் முன்னோக்கி நடப்பார், மற்றவர் பின்னோக்கி. முன்னோக்கி நடப்பவரே இருவருக்கும் கண்; பின்னோக்கி நடப்பவருக்குக் காது மட்டுமே உண்டு. கண்ணாடிக்காரர் எப்போதும் முன்னோக்கி நடந்தார். ‘படி’, ‘இடது’, ‘நில்’ என்று அவர் சொல்லிக்கொண்டே வர, நெட்டை திரும்பிப் பாராமல் பின்னுக்கு நடந்தான். சொல்வதற்கு ஏற்ற ஆள்தான் அவர். வாய் ஓயாதவர். பிறர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை இவர் முடித்துவைப்பார், அதுவும் வேறு விதமாக. கல்யாணமான நாள் முதல் தாம் ஒரு பேச்சைக்கூட முழுதாகப் பேசி முடித்ததில்லை என்று மனைவி வாடிக்கையாளர்களிடம் முறையிடுவார். அந்த முறையீட்டையும் பாதியில் கணவரே முடித்துவைப்பார்.

ஒரு நாள் உயரமான கட்டடம் ஒன்றின் வெளிப்படிக்கட்டில் இருவரும் ஒரு தகட்டை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மட்டும், படி குறுகலாக இருந்ததால், நெட்டை கீழே நின்று தாங்க, அவர் மேலே நின்று இழுத்தார். காற்று வந்தது. தகடு கப்பல்பாய்போல் விரைத்துத் திரும்பியது. தொழில் விதிப்படி அவர் விட்டிருக்க வேண்டும். விட்டால் அது நெட்டையின் தலைமேல்தான் இறங்கும். அவர் விடவில்லை. உடம்பை முறுக்கி, கைப்பிடிச் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து, காற்று தணியும்வரை நின்றார். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. அவர் இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று அறுந்ததுபோல் இருந்தது.

மருத்துவர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். முதுகை அழுத்திப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், காலையும் மாலையும் ஒவ்வொரு வலி மாத்திரை எழுதினார். வீரியமுள்ள மாத்திரை என்று மருந்துக் கடைக்காரர் சொன்னதால், அடுத்த முறை மனைவி நேராகவே கேட்டார்.

“இது பழக்கமாயிடுமா டாக்டர்?”

“வலி இருக்கிறவங்களுக்குப் பழக்கமாகாதும்மா. பயப்படாம குடுங்க.”

அந்தச் சொல்லை நம்பித்தான் அந்த வீடு நடந்தது. மாத்திரை முதலில் அவருடைய முதுகை அவரிடம் திருப்பிக் கொடுத்தது. குனிந்தார், அறுத்தார், தூக்கினார். பிறகு அதே மாத்திரை அரைப் பொழுதுக்குமேல் தாங்கவில்லை என்றார். மருத்துவர் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். ஒவ்வொரு முறையும் சீட்டில் அவரே எழுதினார், கையெழுத்திட்டார். கண்ணாடிக்காரர் ஒரு மாத்திரையைக்கூடத் தாமாக அதிகம் எடுத்தவர் அல்லர்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் ஒன்றைக் கவனித்தார். மாத்திரைக்கு நேரம் தவறினால் கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. வெயிலில் நிற்கும்போதே கைமயிர் சிலிர்த்தது. கால் எலும்புக்குள் யாரோ நடப்பதுபோல் இருந்தது. முதுகுக் காயம்தான் திரும்பி வருகிறது என்று முதலில் நினைத்தார். பிறகு ஒரு நாள், வலிப்பது முதுகு அன்று, மாத்திரை இல்லாமைதான் என்று புரிந்தது. நோய் எப்போதோ வெளியேறியிருந்தது. மருந்து மட்டும் வீட்டைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தது.

அவர் நேர்மையான மனிதர் செய்வதைச் செய்தார். மருத்துவரிடமே போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். இது இல்லாமல் இருக்க முடியவில்லை, விடுவதற்கு வழி சொல்லுங்கள் என்றார். மருத்துவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவரை வேறு மாதிரி பார்த்தார்.

“நீங்க மாத்திரைக்கு அடிமையாயிட்டீங்க. இந்த மாதிரி ஆளுங்களை நான் பார்க்கிறதில்லை. கடைசியா ஒரு தடவை எழுதறேன். அப்புறம் இங்க வராதீங்க.”

மாத்திரையை எழுதிய கை அது. அளவைக் கூட்டிய கையும் அது. ஆள் விழும்போது விலகிக்கொண்ட கையும் அதுவே.

வெளியே வந்தவர் வீட்டில் மூச்சு விடவில்லை. ‘அடிமை’ என்ற சொல்லை மனைவியின் முன்னால் எப்படி எடுத்துவைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ சொற்களை இரைத்தவருக்கு இந்த ஒரு சொல் தொண்டையைவிட்டு வரவில்லை. மாறாக, ஒரு திட்டம் போட்டார். கையிலிருப்பதைப் பாதி பாதியாகக் குறைத்து, யாருக்கும் தெரியாமல் தாமே விட்டுவிடுவது. வெட்டுவதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் யார்? அறுப்பு மேசையில், கண்ணாடியிலிருந்து பெயின்ட் சுரண்டும் மெல்லிய பிளேடால், ஒவ்வொரு மாத்திரையையும் துகள் உதிராமல் சரிபாதியாக வெட்டினார். வெட்டியவற்றைச் சிற்றாணி டப்பா ஒன்றில் போட்டு மூடினார். அந்த வேலையின் சுத்தம் அவருக்கே ஒரு நிம்மதியைத் தந்தது.

தவறு அந்தச் சுத்தத்திற்குள்தான் இருந்தது. அது அரை நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை. மேல்பூச்சை உடைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிவிடும், பிறகு ஒன்றும் மிஞ்சாது. வெட்டத் தெரிந்தவர் வெட்டினார். வெட்டக் கூடாதென்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. காலையில் தலை கிறுகிறுத்து இமை கனத்தது. மதியத்திற்குள் கை நடுங்கியது. நடுங்கும் கையை நிறுத்த இன்னொரு பாதியைப் போட்டார். இப்படிக் குறைக்கப் போனவர் கிணற்றை மூட மண் எடுத்து இன்னொரு கிணறு தோண்டியவர் ஆனார்.

முடிதிருத்தகத்தின் முகப்புக்கு ஒரு பெரிய தகடு போட வேண்டியிருந்தது. வாசலில் ஒரே ஒரு படி. நெட்டை பின்னோக்கி நடந்தான், அவர் முன்னோக்கி. நடைபாதையைக் கடக்கும்வரை ‘இடது’, ‘நேரா’ என்று குரல் வந்தது. பிறகு நின்றுபோனது.

“அத்தான், படியா?” என்றான் நெட்டை.

பதில் இல்லை. அவர் கண் மூடியிருந்தது. நின்றபடியே உறங்கிய அந்த ஒரு நொடியில் விரல்கள் திறந்தன. தகடு தரையில் மோதி, நெட்டையின் பக்கமாக உடைந்து சரிந்தது. அவன் தொழில் விதியை மறக்காமல் கையை இழுத்துக்கொண்டான்; ஆனாலும் ஒரு துண்டு அவன் முன்கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை திறந்துவிட்டது.

அரசு மருத்துவமனையில் உள்ளே நெட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்க, வெளியே பெஞ்சில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையில் காயாத இரத்தத்தோடு, அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் சொல்லையும் சொன்னார். மனைவி ஒன்றே கேட்டார்.

“வெட்டினதை எங்க வெச்சிருக்கீங்க?”

“ஆணி டப்பாவுல.”

“எந்த ஆணி டப்பா?”

“முக்கா இஞ்சு.”

“அதைத்தாங்க நான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன்,” என்றார் மனைவி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நெட்டை காயம் ஆறியும் கடைக்கு வரவில்லை. மனைவி தம்பி தங்கியிருந்த வாடகை அறைக்குப் போய், கணவர் பட்ட பாடுகளைச் சொல்லி, வைத்தியத்துக்குக் கூட்டிப்போகப் போவதாகவும் சொன்னார். அவன் தையல் பிரித்த கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

“விழுற கண்ணாடிக்குக் கை குடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவருதான்க்கா.”

“கண்ணாடிக்குத்தான்டா சொன்னாரு. மனுசனுக்குச் சொல்லலை.”

நெட்டை மறுவாரம் கடைக்கு வந்தான். சிறிய ஜன்னல்களை அளந்தான், தனியாகத் தூக்கக்கூடியதைத் தூக்கினான். இனி அத்தானோடு ஒரு தகட்டின் இரு முனையைப் பிடிப்பதில்லை என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லிவிட்டான். பெரிய தகடுகள் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கடையின் பின்புறத் தாங்கிகளில் தூசி படிந்தது. கண்ணாடிக்காரருக்கு ஊர் என்ன பேசும் என்ற கவலை விட்டுப்போய்விட்டது. அவன் இனி தம்மை நம்பித் திரும்பிப் பாராமல் நடப்பானா என்ற ஒன்றே மிஞ்சியது.

வைத்தியம் அதே அரசு மருத்துவமனையின் பின்கட்டில், நடைக்கூடத்தின் கோடியில் இருந்த அறையில் நடந்தது. மருத்துவர் சிறிய உருவமுள்ள அம்மாள். மனைவி பழைய சீட்டுகளையெல்லாம் மேசைமேல் வைக்க, அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். மாத்திரையை வெட்டிய கதையைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இதை வெட்டக் கூடாது, நொறுக்கக் கூடாதுன்னு யாருமே சொல்லலையா?”

“இல்லைங்க.”

“சொல்லியிருக்கணும். எழுதினதைத்தான் நீங்க சாப்பிட்டிருக்கீங்க. இது உங்க ஒழுக்கம் சம்பந்தப்பட்டது இல்லை, உடம்பு சம்பந்தப்பட்டது. உடம்புக்கு வைத்தியம் இருக்கு.”

அறையைவிட்டு வந்த பிறகும் கண்ணாடிக்காரர் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

புது மருந்து நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது. முதல் முறை அதைத் தொடங்கும்போது பழைய மாத்திரை உடம்பைவிட்டு இறங்கியிருக்க வேண்டும், அதாவது நடுக்கத்தோடுதான் வரவேண்டும் என்றார் மருத்துவர். நடுக்கம் வந்தால் ஓடிப்போய் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவருக்கு நடுக்கத்தையே நுழைவுச் சீட்டாகக் கேட்டது வேடிக்கையாகத்தான் இருந்தது. குறித்த நாள் காலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். கொட்டாவி தாடையைப் பிளந்தது. மூக்கு ஒழுகியது. ஒரு காலை மற்றொரு கால்மேல் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். செவிலியர் அவ்வப்போது வந்து நாடியைப் பிடித்து, கண்மணியைப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம்’ என்று போனார். மனைவி அவர் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக மாத்திரையை நாக்கின் கீழ் வைத்தார்கள். விழுங்கக் கூடாது, முழுதும் கரையும்வரை பேசக் கூடாது என்று செவிலியர் கண்டிப்பாகச் சொன்னார். இதைக் கேட்ட மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பேசவே கூடாதா சிஸ்டர்?”

“கூடவே கூடாது.”

“தினமுமா?”

“தினமும்.”

மனைவி கணவரின் பக்கம் திரும்பினார். திருமணமான நாளிலிருந்து சேர்த்துவைத்தவற்றில் எதை முதலில் எடுப்பது என்று ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் சொன்னது இவ்வளவே.

“எனக்குக் கோவம் இருக்கு. அதை அப்புறம் சொல்றேன். முதல்ல நீங்க எனக்கு வேணும். குறுக்கே பேசாதீங்க.”

அவர் பேசவில்லை. பேச முடிந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார். சற்று நேரத்தில் கால் எலும்புக்குள் நடந்துகொண்டிருந்தவர் எங்கோ உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. போர்வையை விலக்கினார். ஜன்னலில் கண்ணாடி சரியாகப் பொருத்தப்படவில்லை, சட்டத்தோடு ஒட்டும் மக்கு உதிர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவர் கண்ணுக்குப் பட்டது.

அன்று முதல் காலைப்பொழுது அந்த வீட்டில் மனைவியுடையது ஆயிற்று. மாடி அறையில் அவர் நாக்கின் கீழ் மாத்திரையோடு உட்கார்ந்திருப்பார், மனைவி பேசுவார். சில நாள் கோபம், சில நாள் சட்டம் போட வந்தவர்களின் கதை, சில நாள் அவருக்கே தெரியாமல் அவரைப் பற்றிச் சேர்த்துவைத்திருந்த பிரியம். பக்கத்துக் கடையில் இதைக் கேள்விப்பட்ட பெண்கள், அந்த மாத்திரை தங்கள் வீட்டுக்காரர்களுக்கும் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

ஒரு மாத்திரையை விடுவதற்கு இன்னொரு மாத்திரையா என்று நெட்டை ஒரு நாள் கடையில் யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான். கண்ணாடிக்காரர் நிமிராமல் கேட்டார்.

“சட்டத்துல தகடு வெச்சதும் கீழே எதுக்கு மாப்ள கட்டை வைக்கிறோம்?”

“பசை காயறதுக்கு.”

“காயாம கட்டையை உருவினா?”

நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு அளவு நாடாவைச் சுருட்டினான்.

எல்லா நாளும் ஒரே சீராகப் போகவில்லை. முதுகுக்குச் சொல்லித்தந்த பயிற்சிகளைச் செய்யச் சலித்துக்கொண்டார். ஒருமுறை அறுப்பு மேசையின் கம்பளித் துணியை மாற்றும்போது, அதன் மடிப்பில் பழைய பாதி மாத்திரை ஒன்று அகப்பட்டது. வாய் ஊறியது, அது அவருக்கே அருவருப்பாக இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்தபடி நின்று, முகப்பிலிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“இந்தாம்மா. இதை எடுத்துட்டுப் போ. என்கிட்ட இருக்க வேணாம்.”

மனைவி வாங்கிப் போனார். தூக்கிப் போட்டுவிட்டு வந்து, துணியின் மறுமுனையைப் பிடித்து அவரோடு மேசைமேல் விரித்தார். பின்பக்கத் தாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்த நெட்டை இதைப் பார்த்தான்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, காலையில், அவன் மாடிப்படி ஏறி வந்தான். கண்ணாடிக்காரர் அப்போதுதான் மாத்திரையை நாக்கின் கீழ் வைத்திருந்தார். மனைவி எழுந்து, தம்பிக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு, கீழே போனார்.

“நீங்க இப்போ பேசக் கூடாதாம், அக்கா சொல்லிச்சு. அதான் இந்த நேரமாப் பார்த்து வந்தேன்,” என்றான் நெட்டை.

அவர் அவனையே பார்த்தார்.

“அன்னிக்கு அந்தப் படிக்கட்டுல நீங்க கண்ணாடியை விட்டிருந்தா உங்க முதுகு நல்லா இருந்திருக்கும். என் தலைதான் இருந்திருக்காது. எனக்கு அது தெரியாம இல்லை.” முன்கையின் தழும்பைத் தடவிக்கொண்டான். “கை கிழிஞ்சதுக்கு எனக்குக் கோவமே இல்லை அத்தான். தூக்கம் வருது, முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் உங்க வாயை நம்பித்தான் நடந்தேன். ஊரெல்லாம் பேசுற வாய், அதை மட்டும் சொல்லலை.”

கண்ணாடிக்காரரின் கண்கள் நிறைந்தன. சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றைச் சொன்னாலும் மருந்து வீணாகும். வாயை இறுக மூடிக்கொண்டார்.

“சலூன்காரர் இன்னும் பலகை அடிச்சு வெச்சிருக்காரு. கண்ணாடி போடுறீங்களா, இல்லை பலகையிலேயே தெருவை வரைஞ்சுக்கட்டுமான்னு கேக்குறாரு. நேத்து டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வந்தேன். உங்களுக்கு இப்போ தூக்கம், கிறுகிறுப்பு எதுவும் இல்லைன்னா அளவாத் தூக்கலாம்னாங்க.” சற்று நிறுத்தினான். “ஆனா இனிமே முன்னால பார்த்து நடக்கிறது நான். நீங்கதான் பின்னுக்கு நடக்கணும். சம்மதம்னா தலையை ஆட்டுங்க.”

அவர் தலையை ஆட்டினார். போதாதென்று இன்னொரு முறையும் ஆட்டினார்.

அன்று முற்பகலில் காற்று இல்லை. மனைவி கடை வாசலில் நின்று இருவரின் கையுறைகளையும் சரிபார்த்தார். தகட்டைத் தூக்கினார்கள். கண்ணாடிக்காரர் முதன்முறையாக நெட்டையின் குரலை நம்பிப் பின்னோக்கி நடந்தார். எதிரே தகட்டின் ஊடே நெட்டையின் முகம் தெரிந்தது. தம் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அந்த முகத்தில் மட்டுமே படிக்க முடிந்தது. ‘நேரா’ என்றான். ‘கொஞ்சம் வலது’ என்றான். ‘சைக்கிள் போகட்டும், நில்லுங்க’ என்றான். குரலில் இவருடைய பழைய அதிகாரம் அப்படியே இருந்தது. பேச்சும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இவர் குறுக்கே பேசாமல் நடந்தார்.

சலூன்காரர் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் சீப்போடு ஓரமாக ஒதுங்கி நின்றார். கண்ணாடிக்காரரின் குதிகால் சற்றே தயங்கியது.

“மாப்ள, படியா?”

“படிதான் அத்தான். ஏறுங்க, நான் பிடிச்சிருக்கேன்.”